செருமல் இல்லாத குரல்

ஜனவரி 9

என் வெட்டுக்கிளிக்கு,

உன் மாமன் இரண்டு கையாலும் ஆசீர்வாதம் அனுப்புகிறேன். ஒரு கை எழுதிக்கொண்டிருப்பதால் அதன் பங்கு கொஞ்சம் பிந்தி வரும்.

பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் எடுத்த ஆவணப்படங்களை இருட்டறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டினாய். உன் பெயர் வரும்போது ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இப்போது 'இயக்கம்' என்று போட்டு அதற்குக் கீழே உன் பெயர்! தொலைக்காட்சியில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். தெருவே எழுந்து நின்றது என்று வைத்துக்கொள். முடிதிருத்துகிறவர் ஒரு ஆளைப் பாதி மீசையோடு விட்டுவிட்டு ஓடிவந்து, "படத்துல வர்றது நீங்கதானே?" என்றார். "பின்ன, என் நிழலா?" என்றேன்.

ஒரே ஒரு குறை. நம் நூற்பாலைத் தீயைப் பற்றி நான் இரண்டு மணிநேரம் பேசினேன். நீ வைத்தது நாலு நிமிஷம். இருபத்திரண்டு வருஷம் எடைமேடையில் நின்ற கதை, முதலாளியையே ஏற்றி எடை போட்ட கதை, எல்லாம் போச்சு. இருந்தாலும், "பின்கதவுக்கு வெளியே பூட்டு தொங்குச்சு. நான் பாத்தேன்" என்று சொல்கிறேனே, அந்த இடத்தில் எனக்கே சிலிர்த்தது. குரல் வெண்கல மணி! ஒரு செருமல்கூட இல்லை. என் தொண்டைக்கு என்ன வைத்தியம் பண்ணினாய்?

பதினொரு பேர் உள்ளே கருகியும் 'கதவு திறந்தே இருந்தது' என்று எழுதி மூடிய விசாரணையை உன் படத்தால் மறுபடி திறக்கிறார்களாம். அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் என்னைக் கண்டால் நின்று பேசுகிறார்கள். உன்னைப் பெற்றது அக்காதான். ஆனால் இந்தப் பெருமையில் பாதி எனக்கு, சொல்லிவிட்டேன்.

உன் தாய்மாமன்,
படத்தின் கதாநாயகன்

*

மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் கேட்டால் "எனக்கென்ன" என்கிறாள். நீங்கள்தான் பார்த்து எழுத வேண்டும்.

ஆலைத் தரப்பு வக்கீல் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்திருக்கிறார். தீப்பிடித்த வியாழக்கிழமை உங்கள் பெயருக்கு நேரே 'விடுப்பு' என்று இருக்கிறதாம்.

தப்பி வந்தவர்கள் எல்லோரும் கதவுக்கு உள்ளே இருந்தவர்கள். திறக்கவில்லை என்று மட்டும்தான் அவர்களால் சொல்ல முடியும். துருப்பிடித்து இறுகியிருக்கும் என்கிறார் வக்கீல். வெளியே நின்று பூட்டைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் மாமா? ஒரு வரி போதும். ஜரிகை வேண்டாம்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 11

என் வெட்டுக்கிளிக்கு,

ஒரு வரியில் பதில் சொல்ல நான் என்ன தந்தியா?

அக்காவின் முழங்காலை முதலில் சொல்கிறேன். நேற்று மாடிப்படியை மானைப் போல ஏறினாள். சரி, மானில்லை. ஏறினாள்.

அந்த வியாழக்கிழமை நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். கடைவாய்ப் பல். பிடுங்கின வைத்தியர், "நாற்பது வருஷத்துல இப்படி ஒரு வேர் பாத்ததில்ல" என்று அதைக் கழுவிக் கையில் கொடுத்தார். வாயில் பஞ்சோடு வெளியே வந்தால் வானத்தில் புகை. நான் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவே இல்லை, சாம்பல்தான்.

பூட்டைப் பார்த்தது ஆலையைக் கூட்டிப்பெருக்கும் அம்மாள். அன்றைக்குக் காலையில் குப்பை கொட்டப் போனபோது பார்த்திருக்கிறாள். என்னிடம் மட்டும் சொன்னாள். "என் பேரைச் சொல்லிடாதீங்க, வீட்ல ஒரே சம்பளம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நீ கேமராவோடு வருவதற்கு முந்தின மாதம் கண்ணை மூடிவிட்டாள். அவளுக்காக நான் சொன்னேன். கண் அவளுடையது, வாய் என்னுடையது. பூட்டு பூட்டுதானே? இதில் என்ன பொய்?

அந்த வக்கீலை என்னிடம் விடு. நான் கூண்டில் ஏறி நின்றால் அவர் கறுப்புக் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டுப் போவார்.

உன் மாமன்

*

ஜூன் 20

மாமா,

விசாரணையை மூடிவிட்டார்கள். 'முக்கியச் சாட்சி சம்பவ இடத்தில் இல்லாதவர். ஆகவே படத்தில் வரும் மற்றவர்கள் பேச்சையும் ஏற்க இயலாது.' ஆணையில் இருப்பது இவ்வளவுதான். உள்ளே வெந்து தப்பியவர்கள் சொன்ன நிஜமும் நம் பூட்டோடு போய்விட்டது.

தொலைக்காட்சி படத்தை எடுத்துவிட்டது. அடுத்த படத்துக்குச் சரி என்றவர்கள் போனை எடுப்பதில்லை. பழையபடி வெட்டும் வேலையாவது கேட்கலாம் என்று போனேன். பத்து வருஷமாகக் கூட வேலை செய்த ஒலிப்பதிவாளர், "நீ வெட்டினதுன்னு தெரிஞ்சா நல்ல சாட்சியையும் சந்தேகப்படுவாங்கம்மா. தப்பா எடுத்துக்காதே" என்றார். கோபமாகச் சொல்லியிருக்கலாம். அன்பாகச் சொன்னார். என் மேசையை ஒழித்துக் கொடுத்துவிட்டேன்.

உங்கள்மேல் பழி போட இதை எழுதவில்லை. உங்கள் பேச்சை முதல் தடவை ஓட்டியபோது, 'பூட்டு தொங்குச்சு' என்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு செருமல் வந்தது. பன்னிரண்டு பிரேம். அரை வினாடி. நான் குழந்தையாக இருக்கும்போதே அம்மா சொல்வாள்: "உங்க மாமா செருமினா காதைப் பொத்திக்கோடி. அடுத்து வர்றது ஜோடனைதான்."

என் கை நின்றது. பிறகு, வெறும் இரைச்சல்தானே என்று சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது வருஷமாக எத்தனை பேருடைய செருமலை வெட்டி எடுத்திருக்கிறேன்! ஆனால் இது இரைச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பூட்டு வேண்டியிருந்தது. வெட்டினேன்.

இனி எழுதாதீர்கள் மாமா. கடிதத்தில் செருமல் கேட்பதில்லை.

*

ஜூலை 8

என் வெட்டுக்கிளிக்கு,

எழுதாதே என்றாய். ஆனால் செருமல் கேட்பதில்லை என்ற உன் புகார் நியாயமானது. ஆகவே இந்தத் தடவை நானே அந்தந்த இடத்தில் போட்டுவிடுகிறேன். நீ வெட்டாமல் படி.

க்கும். பதினொரு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன்.

ஒரு வீட்டுக்குப் போனேன்.

க்கும். நாற்காலி போட்டு உட்காரவைத்து, "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றார்கள்.

அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சாத்திவிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மற்ற பத்து வீட்டுத் தெருக்களைச் சுற்றிக்கொண்டுதான் இப்போது கடைக்குப் போகிறேன்.

கூட்டிப்பெருக்கும் அம்மாள் பூட்டைப் பார்த்தாள். என்னிடம் சொன்னாள். இந்த வரிகளுக்கு முன்னால் நன்றாகப் பார், ஒன்றும் இல்லை. ஆனால் இதை இனி யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

க்கும். முடிதிருத்துகிறவர் இன்னும் உன் படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

க்கும். அக்கா என்னோடு பழையபடி பேசுகிறாள்.

க்கும். நீ இன்னும் பத்துப் படம் எடுப்பாய்.

க்கும். நீ பதில் போடாவிட்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

உன் மாமன்