கெட்டிலைக் கெடுத்த தண்ணீரும் உன் நீல மீன்களும்

இண்டியானா,
ஆகஸ்ட் 6

அன்புள்ள மகள் ஆட்ரிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. அலாஸ்காவில் நீயும் உன் கூடாரமும் நனையாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். சோளம் முற்றிவிட்டது, தக்காளியை வாங்கிக்கொள்ள ஆளில்லை, அதெல்லாம் கிடக்கட்டும். உனக்குச் சொல்ல ஒரு பெரிய செய்தி வைத்திருக்கிறேன், காலையிலிருந்து கை ஓடவில்லை கால் ஓடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நான் திட்டு வாங்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது, வரிசையாகத்தான் சொல்வேன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

ஜூனில் நீ சாட்டிலைட் போனில் மீன்களெல்லாம் எப்படி இருக்கின்றன என்று கேட்டபோது ஜோராக இருக்கின்றன என்றேனே, அது பச்சைப் பொய். அதற்குள் மூன்று செத்துப்போயிருந்தன. மூன்றும் பெண். நீ இத்தனை வருஷமாகக் கட்டிக் காப்பாற்றிய மலாவி ஏரி மீன்களில் மிஞ்சியது அந்தச் சாம்பல் நிறப் பெண் ஒன்றும், வெளுத்துப்போன ஆண்கள் இரண்டும்தான். அவளும் போனால் வம்சமே போயிற்று என்று எனக்குத் தெரியும், அதனால்தான் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நீ தொட்டிமேல் ஒட்டிவிட்டுப் போன தாளில் கிணற்றுத் தண்ணீர் என்றுதான் எழுதியிருந்தாய். நான்தான் கேட்கவில்லை. சோப்பு நுரைக்காத தண்ணீர், கெட்டிலுக்கு உள்ளே ஓடு ஓடாகச் சுண்ணாம்பு படிய வைக்கிற தண்ணீர், என் வெள்ளைத் துணியையெல்லாம் பழுப்பாக்கிய தண்ணீர், அதைப் போய் என் மகளின் மீனுக்கு ஊற்றுவதா என்று, நாங்கள் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்துப் பிடித்து ஊற்றினேன். முழங்கால் வலியோடு சமையலறைக்கும் தொட்டிக்கும் நடந்ததெல்லாம் அவற்றைக் கொல்லத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்.

மிச்சமாவது பிழைக்கட்டும் என்று உன் மீன் சங்கத்து ஆர்விலைக் கூப்பிட்டு, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். வாளியும் வலையுமாக வந்தார். சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஏம்மா வெர்னா, இதுல என்னத்த ஊத்துன, மழைத் தண்ணியா என்றார். நாங்க குடிக்கிற தண்ணிதான் என்று நான் பெருமையாகச் சொன்னேன் பார், மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதுங்க பொறந்த ஏரியே கல்லு கரைஞ்ச தண்ணிம்மா, உங்க கெணறு அந்த ஏரிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி, ஊர்ல அவனவன் பாக்கெட் பாக்கெட்டா உப்பு வாங்கிக் கரைச்சு ஊத்துறான், ஒனக்குக் கொழாயத் தொறந்தா சும்மா கொட்டுது, அத விட்டுட்டுச் சத்தெல்லாம் வடிகட்டுன தண்ணிய ஊத்தி இப்படிப் பட்டினி போட்டிருக்கியே என்றார். உன் அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும். முப்பது வருசமா இந்தத் தண்ணிய இவ வையாத நாளில்ல, இப்பக் கெணத்துக்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்கச் சொல்லு என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மீனைக் கொண்டுபோக வேண்டாம், நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று ஆர்விலிடம் சொல்லிவிட்டேன். அவர் மீனில்லாத வாளியோடு போனார், போகும்போது நம் தக்காளியில் பாதி அந்த வாளியில்தான் போயிற்று.

ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும் என்று சொல்லியிருந்தார். அதனால் கொட்டகைக் குழாயில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, ஒரு பீப்பாயில் ஊற்றி, காற்றுக்குழாய் போட்டு ஒரு நாள் முழுக்கக் குமிழிவிட வைத்து, குளிரும் வாயுவும் போனபிறகு தினம் ஒரு வாளி மட்டும் மாற்றினேன். பத்தாம் நாள் பெரிய ஆண் நீலமாகிவிட்டான். அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை, நீ அத்தனை நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டியபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. அப்புறம் ஜூலையில் அந்தச் சாம்பல் நிறக்காரி சாப்பிடுவதை நிறுத்தினாள். இதுவும் போகப்போகிறது என்று நான் ஆர்விலுக்குப் போன் போட்டு அழுதால், சாவு இல்லம்மா, தாடையப் பாரு என்கிறார். பார்த்தால் வாய் நிறைய முட்டை, குஞ்சு பொரித்து வெளியே விடுகிறவரை இரை எடுக்காமல் வாயிலேயே அடைகாக்குமாம்.

உன்னிடம் இருந்தபோது இரண்டு தடவை முட்டையை வாயில் வைத்திருந்துவிட்டுப் பாதியில் விழுங்கியவள் அல்லவா, இந்தத் தடவையும் விழுங்கிவிடுவாளோ என்று தினம் பத்துத் தடவை தாடையைப் பார்த்தேன். பத்தாம் நாளுக்கு மேல வாயத் தொறந்து முட்டைய எடுத்துரலாம், நான் பண்ணித் தரேன் என்றார் ஆர்வில், அவள் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டேன். அப்பா தொட்டிப் பக்கம் காலுறையோடுதான் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். டிவிக்குச் சத்தம் கிடையாது. சர்ச் விருந்துக்குக்கூடப் போகவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலை வாயைத் திறந்தாள், ஒவ்வொன்றாகக் குஞ்சுகள் வெளியே வந்தன. முப்பத்தொன்று, ஆட்ரி. நாலு தடவை எண்ணினேன், அப்பாவையும் எண்ண வைத்தேன். அன்று அவர் ஒரு தும்மல் போட்டார், அத்தனையும் ஒரே பாய்ச்சலில் அவள் வாய்க்குள் போய்விட்டன, நான் அவரை அடிக்கப் போய்விட்டேன். மூன்று நாள் இதே கதை, நிழல் விழுந்தால் போதும், வாய்க்குள் ஓடிவிடும்.

இன்று காலை மறுபடி தும்மினார். குஞ்சுகள் தாங்களாகவே கல்லிடுக்கில் போய் ஒளிந்துகொண்டன. அவள் வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஒன்றும் வரவில்லை. பிறகு மேலே வந்து, இருபத்தைந்து நாளுக்கப்புறம் முதல் தடவையாக இரை தின்றாள். நான் எழுந்து வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், கரடி தூரத்திலேயே இருக்கட்டும். ஈரக் காலுறையோடு தூங்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
வெர்னா