பழைய ரவிக்கை அளவு

என் கண்ணு,

உன் கல்யாணத் தேதியைச் சித்தி சொன்னாள். கால் கடுக்க நான்கு கடை ஏறி இறங்கி உனக்கு ஒரு லெஹங்கா எடுத்தேன்.

"பொண்ண கூட்டிட்டு வரலையாக்கா?" என்றாள் கடைப்பெண்.

"லீவு கிடைக்கலம்மா" என்றேன். நாம் பேசி மூன்று வருடமாகிறது என்றா சொல்வது?

நீ விட்டுப்போன ரவிக்கையை அளவுக்குக் கொடுத்தேன். டேப் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, இது காலேஜ் புள்ள அளவு. இன்னும் இப்படியேவா இருப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை.

பெரியதாகவே வாங்கிவிட்டேன். உன் அளவை எழுதி அனுப்பினால் போதும், பிடித்துத் தைத்துவிடுவேன். நேரில் வந்தால் இன்னும் சரியாக வரும். பயப்படாதே, வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் கேட்க முடியாது.

அம்மா