மல்லாட்டையில் ஒட்டியிருந்த மண்

புனே

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

மருந்துத் தயாரிப்பில் மிஞ்சும் நச்சுக் கரைப்பானைச் சிதைக்கும் நொதியை மூன்று வருடமாகத் தேடினேன் அல்லவா? நம் நிலத்தில் பிடுங்கி நீங்கள் அனுப்பிய மல்லாட்டையில், அந்த வேர்க்கடலைத் தோலில் ஒட்டியிருந்த மண்ணில் அது கிடைத்துவிட்டது. பேராசிரியர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். நான் தின்னவில்லை. அந்தக் கரைப்பானையே பல காலம் தின்று பழகிய கிருமியிடம்தான் அந்த நொதி இருக்கும்.

"மருந்துக் கம்பெனி வந்ததுலேர்ந்து நம்ம கெணத்துத் தண்ணி இனிச்சிக்கினு கீதும்மா" என்று போனில் பெருமையாகச் சொன்னீர்கள். கரைப்பானுக்கும் இனிப்பு வாசனைதான்.

ஒரே சோதனையை வைத்து எதையும் நம்ப மாட்டேன். தம்பி குமரேசன் இங்கே வரத் திண்டிவனத்தில் ரயிலேறும்போது கிணற்று நீரைக் கண்ணாடி பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். அதுவரை கேன் தண்ணீர் குடியுங்கள். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபைலை எறிந்துவிடவில்லையே? அதையும் கொடுத்தனுப்புங்கள்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

பிரபாவதி