செல்லம்மாவுக்குப் படிக்காத வரிகள்

கெமாஸ்
1 மார்ச் 2024

அன்புள்ள மாமா,

போனில் பேசினால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லையாம், அதனால் எழுதுகிறேன். அப்பா போய் மூன்று நாளாகிறது. வந்தவர்களுக்குத் தேநீர் ஆற்றியே நானும் அம்மாவும் ஓய்ந்துவிட்டோம்.

பதினாறாம் நாளுக்கு அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் அச்சடிக்கிறோம். கடல் தாண்டிச் சரவாக்கில் இந்தோனேசியச் சண்டையின்போது ராணுவ லாரி ஓட்டியது, காலில் குண்டு பட்டது, அங்குள்ள ஈபான் பழங்குடிப் பெண்ணான அம்மாவைக் கட்டியது எல்லாம் எனக்குத் தெரியும். கோலா சாவா ரப்பர் தோட்டத்துக் கதைதான் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் அவரோடு படித்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

பாட்டி உயிரோடு இருந்தவரை, அம்மாவை அவரிடம் அப்பா கூட்டிப் போகவே இல்லை. ஏன் மாமா? அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
ரோகினி

கோலா சாவா
5 மார்ச் 2024

அன்பு மகள் ரோகினிக்கு,

எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உன் அப்பா திருச்செல்வம் வகுப்பில் என் விடையைப் பார்த்து எழுதுவான். பிரம்படி மட்டும் எனக்கு விழும். அதை அச்சில் போடு. மற்றது அச்சுக்கு அல்ல.

உன் பாட்டி செல்லம்மாவுக்கு எழுத்து தெரியாது. பால்மரம் வெட்டிவிட்டு வந்து அவன் கடிதத்தை என்னிடம் நீட்டுவார். படிப்பதும் நான், பதில் எழுதுவதும் நான். அறுபத்தைந்தாம் வருஷம் அவன் இப்படி எழுதியிருந்தான்: "இங்கே ஒரு ஈபான் பொண்ணைக் கட்டிக்க ஆசைப்படுறேன். சம்மதம்னா ஒரு வரி எழுதச் சொல்லும்மா. எழுதலேன்னா வேணாம்னு நெனச்சுக்குவேன். மறுபடி கேக்க மாட்டேன்."

அந்த வரிகளை நான் படிக்கவில்லை. என் தங்கை விமலாவை அவனுக்குக் கொடுக்க எங்கள் வீட்டில் எண்ணம் இருந்தது. பதிலில் மழை, கோழி, தீமிதி என்று எழுதி அனுப்பினேன். தாய்க்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அவன் உன் அம்மாவைக் கட்டினான். மறு வருஷம் செல்லம்மா காலமானார். தனியாக வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

சுமந்து சுமந்து அலுத்துவிட்டது, அம்மா. பதினாறாம் நாளுக்கு வந்து உன் தாயார் காலில் விழ வேண்டும்.

இப்படிக்கு,
ராமகிருஷ்ணன்

கெமாஸ்
9 மார்ச் 2024

திரு. ராமகிருஷ்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என்னைப் படிக்கச் சொன்னார். அந்த இடம் வந்ததும் தாண்டிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. தாண்டவில்லை.

"அப்ப மாமியார் என்னை வேணாம்னு சொல்லவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இது தெரியாமலே அப்பா போய்விட்டாரே என்று சாயங்காலம் வரை அழுதார்.

பிறகு சொன்னார்: "வர வேணாம்னு எழுதிடு. மன்னிக்க எனக்குத் தெம்பு இல்ல."

பிரம்படிக் கதையை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

ரோகினி