தொடாத தண்ணீர்

மார்ச், ஞாயிறு இரவு

கொழும்பு ஓட்டப் போட்டியில் பாதி வழியில் விழுந்துவிட்டேன். முதல் பத்துப் பேருக்குள் வந்திருந்தால் அங்கேயே தங்கிப் பயிற்சி எடுத்திருக்கலாம். நோர்வூட் குளிரில் ஓடிப் பழகிய எனக்கு அந்தப் புழுக்கம் ஈரச்சாக்கைப் போர்த்தியது போலிருந்தது. வழிநெடுக மேசை போட்டுத் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஏன் குடிக்கவில்லை என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க மலையில் மறைவிடம் கிடையாது. வேலை வாங்கும் கங்காணி வேறு பார்த்துக்கொண்டே நிற்பார். இதை நர்ஸிடம் எப்படிச் சொல்வது?

துணைக்கு வந்த செல்வியும் என்னோடு கொழுந்து பறிப்பவள்தான்; அவளுக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் திட்டினாள்.

"அங்கதான் வழியெல்லாம் கக்கூஸ் வச்சிருந்தாங்களேடி, பாக்கலியா?"

பார்த்தேன். பார்த்தும் கை நீளவில்லை.

நாளை முழுக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். போத்தலைத் திறந்து பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். தொண்டை எரிகிறது. விடிந்தால் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். நாளைக்கு மேல்மலையில் வேலை.

போத்தலை மூடி வைத்துவிட்டேன்.