கிளியம்மாளின் கன்னத்துத் தழும்பு

ஒரகடம் கேன்டீன் வேலைக்கு அழைத்துப்போகும் வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தூங்குகிற கணவன் கோதண்டத்துக்கு நாலு வார்த்தை எழுதாமல் கிளியம்மாள் கிளம்புவதாக இல்லை.

"யோவ், கொழம்பு அடுப்பு மேல கீது. என் டீ டம்ளர்ல பிரஷ்ஷ ஊற வெக்காத. பதினோரு மணிக்கு பிரேம் கடைக்காரரு வருவாரு, நீ என்னை வரைஞ்ச படத்த அவராண்ட குடுக்காத. இருபத்தாறு வருஷம் கார் கம்பெனி பெயின்ட் ஷாப்புல கார் கதவத் தடவிப் பாத்து, ஒரு புள்ளி இருந்தாலும் ரிஜெக்ட்டுன்னு ஒதுக்குன ஆளு நீ. ரிட்டையராயி படம் வரைய வந்தும் அந்தப் புத்தி போவல. என் கன்னத்துத் தழும்பு எங்கய்யா? பாலீஷ் போட்டு அனுப்ப நான் இன்னா கார் கதவா? பாக்கறவங்க உன் ரெண்டாந்தாரம்னு நெனைப்பாங்க."

சீட்டைப் படத்தின் மூக்கின் மேலேயே ஒட்டிவிட்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"உன் டிபன் பாக்ஸுக்கு வடை சுடறப்ப எண்ணெ தெறிச்சி வந்த தழும்புய்யா அது. ஷிப்டு முடிஞ்சி வந்து எதிர்ல ஒக்கார்றேன். தழும்ப நீ போடற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். இன்னிக்கி சோறு நீயே ஆக்கு."