சேலை அட்டையில் ஒரு சொல்

புக்கிட் பெருவாங்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வாணிக்கு,

நலம்தானே? கடைக் கைப்பேசி இப்போது மகள் கையில். நமக்குள் எழுதுவதையெல்லாம் அவளே முதலில் படிக்கிறாள். அதனால்தான் தீபாவளிச் சேலைகளின் படங்களோடு இந்தக் கடிதம். வழக்கம்போல ஒவ்வொன்றின் பளபளப்புக்கும் ஓர் ஆங்கிலச் சொல் எழுதி அனுப்பு. அட்டை அடித்துச் சேலையில் கட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்கு றெஜினா அக்கா குடிவந்திருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. நீ ‘ஷைன்’ என்று எழுதிய மெரூன் பட்டைப் பார்த்துவிட்டு, “‘குளோ’ எண்டு போடுங்கோ பிள்ளை” என்றார். நன்றாக இருந்தது, மாற்றிவிட்டேன். இரண்டும் ஒன்றுதானே? கோபித்துக்கொள்ளாதே.

உன் திலகா

நியாலாஸ்
9 ஆகஸ்ட்

அன்புத் திலகா,

கோபமில்லை. பதினோரு வருடமாக எஸ்டேட் ஆபீஸ் வேலை முடிந்து வந்து உனக்குச் சொல் தேடித் தந்தவளுக்குக் கோபம் எதற்கு? வயிற்றெரிச்சல்தான்.

இரண்டும் ஒன்றல்ல. ‘குளோ’ உள்ளிருந்து வருவது, தணல் மாதிரி. தேய்த்த குத்துவிளக்குக்கு ‘கிளீம்’. அசையும்போது ஒளி நெளிகிற டிஷ்யூ சேலைக்கு ‘ஷிம்மர்’. ஜிகினாவுக்கும் கல் வேலைக்கும் ‘கிளிட்டர்’, பட்டுக்கு அதைப் போட்டுவிடாதே. வெள்ளைப் பட்டுக்கு ‘லஸ்டர்’. முழுக்கச் சரிகை ஓடிய அந்தத் தங்கநிறச் சேலைக்கு ‘கேரிஷ் கோல்ட்’. இந்தச் சொல் தெரியுமா என்று உன் அக்காவைக் கேட்டுப் பார்.

இடியப்பமும் கொடுத்தனுப்புகிறாரா?

வாணி

புக்கிட் பெருவாங்
30 ஆகஸ்ட்

வாணிக்கு,

தங்கா பத்துவில் காந்தன் அண்ணன் மகனுக்கு நிச்சயம் நடந்தது. பெண்ணுக்கு வைக்க அந்தத் தங்கநிறச் சேலையை என்னிடம்தான் எடுத்தார்கள். விலைச்சீட்டை மட்டும் கிழித்துவிட்டு, என் அட்டையை அழகுக்காக விட்டுவைத்தார்கள். பெண்ணின் சித்தி தட்டிலிருந்து எடுத்துச் சபையில் படித்தாராம். “கண்ணக் குத்துற மட்டமான மினுக்குன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே” என்று சிரித்தாராம். மறுநாள் அண்ணி சேலையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். “எங்க மானமே போச்சுலா திலகா” என்றார்.

அச்சுக்குப் போகும் முன்பே றெஜினா அக்கா, “இது பிழை பிள்ளை, மலிவான மினுக்கத்துக்குச் சொல்லுறது” என்றார். “வாணி எழுதினா தப்பா இருக்காதுக்கா” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு நான்தான் அடிக்கக் கொடுத்தேன்.

தெரியாமல்தானே எழுதினாய்? ஆமாம் என்று ஒரு வரி எழுது, போதும்.

திலகா

நியாலாஸ்
6 செப்டம்பர்

திலகாவுக்கு,

ஆமாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணானது.

தெரிந்தேதான் எழுதினேன். றெஜினா அக்காவிடம் காட்டுவாய், அவர் திருத்துவார் என்பதும் தெரியும். அவர் சொல்லை எடுப்பாயா, என் சொல்லை எடுப்பாயா என்று பார்க்க நினைத்தேன். அவருடையதை எடுத்திருந்தால் பத்து நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். அது ஒரு பெண்ணின் நிச்சயத் தட்டு வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கா பத்துவுக்குப் போய், தவறு உன்னுடையதல்ல என்று அண்ணியிடம் நானே சொல்கிறேன்.

இனி அட்டைகளை றெஜினா அக்காவிடமே கொடு.

நீ என் சொல்லைத்தான் எடுத்தாய் என்று படித்தபோது, உன் அவமானம் நினைவுக்கு வருமுன்பே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வாணி